புதிய கேம்பரில் பழுது வந்தால்: நாமே கைவைப்பதா, வாரண்டிக்கு விடுவதா?

புதிதாக வாங்கிய கேம்பரை, அதாவது ட்ரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதிகொண்ட 26 அடி டிராவல் டிரெய்லரை, வீட்டு வாசலில் நிறுத்தி முதன்முறையாகத் தண்ணீரை இணைத்த அன்று மாலையே, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழேயுள்ள அலமாரியில் தண்ணீர் தேங்கியிருந்தது. குழாய் இணைப்பின் பிளாஸ்டிக் நட்டைக் கையால் அரைச் சுற்று இறுக்கியதும் கசிவு நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து, ஸ்லைடு-அவுட்டின் (வண்டியின் பக்கவாட்டில் வெளியே நீட்டி விரிக்கும் அறைப்பகுதியின்) பின்மூலையில் தரையோரமாக ஓர் ஈரக்கறை தெரிந்தது. முதல் பழுதைத் தீர்த்த துணிச்சலில் அதையும் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி, கடையில் வாங்கிய சிலிகானால் வெளிப்புற இடுக்கை அடைத்தேன். பதினோராவது மாதம் அந்த மூலையில் கால் வைத்தபோது தரை மெத்தென்று அமுங்கியது. டீலரிடம் கொண்டுபோனேன். கசிவு எப்போது தொடங்கியது, யாரிடம் தெரிவித்தீர்கள், இந்தச் சிலிகானைப் பூசியது யார் என்று மூன்று கேள்விகள் கேட்டார்கள். முதல் இரண்டுக்கும் காட்டுவதற்கு என்னிடம் ஒரு புகைப்படமோ மின்னஞ்சலோ இல்லை. மூன்றாவதற்கு விடை நானே. நெடுநாள் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு தயாரிப்பு நிறுவனம் பாதிச் செலவை ஏற்றது; மீதி என் தலையில் விழுந்தது.

இரண்டு வேலைகளுக்கும் தேவைப்பட்ட கைத்திறன் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவது பழுதின் முழு அளவும் என் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவதில் நான் பார்த்தது வெளியே வந்த ஈரத்தை மட்டும், அதன் வழியையோ அது உள்ளே ஊறிய மரத்தையோ நான் பார்க்கவில்லை. “என்னால் இதைச் சரிசெய்ய முடியுமா” என்ற கேள்வியை மட்டும் கேட்டு முடிவெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள். “நான் கைவைத்த பிறகு, இந்த இடத்தில் நாளைக்கு வரும் சேதத்துக்கு யார் பொறுப்பு” என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கட்டுரையில் சொல்லப்படுபவை அமெரிக்காவில் புதிய டிரெய்லர் வாங்கி அதன் முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கானவை; அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களில் இப்போது கேம்பர் வாங்குவோர் இருப்பதால் இதைத் தமிழில் எழுதிவைப்பது பயன்படும் என்று நம்புகிறேன்.

புதிய வண்டியில் ஏன் இத்தனை குறைகள்

கார் வாங்கிப் பழகியவர்களுக்குப் புதிய கேம்பரின் முதல் சில மாதங்கள் அதிர்ச்சியாக இருக்கும். கேம்பர் உள்ளிட்ட, தங்கும் வசதிகொண்ட பயண வண்டிகளை ஆர்.வி. என்கிறார்கள்; அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. அங்கே தொழிற்சாலையில் மரச்சட்டம், ஸ்டேப்பிள், திருகு, பசை ஆகியவற்றைக் கொண்டு பெரும்பாலும் கைவேலையாக ஒரு சிறு வீட்டைக் கட்டுகிறார்கள்; குளிர்ப்பெட்டி ஒரு நிறுவனத்திடமிருந்தும், அச்சும் பிரேக்கும் இன்னொன்றிடமிருந்தும், ஸ்லைடு இயக்கும் பொறி வேறொன்றிடமிருந்தும் வருகின்றன. கட்டி முடித்த வீட்டைச் சக்கரத்தில் ஏற்றி, நூற்றுக்கணக்கான மைல் நெடுஞ்சாலையில் குலுக்கிக்கொண்டு டீலரின் வளாகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். திருகு தளர்வதும், குழாய் இணைப்பு நெகிழ்வதும், அலமாரிக் கதவு கோணுவதும் இந்தப் பயணத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ஆகவே குறை இருப்பதைக் கண்டு நீங்கள் ஏமாற்றப்பட்டதாக உடனே முடிவுகட்ட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு குறையையும் தேடிக் கண்டுபிடித்துப் பதிவுசெய்வது முதல் ஆண்டில் உங்கள் வேலை என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வண்டியை வாங்கும் நாளிலேயே இந்த வேலை தொடங்குகிறது. டீலர் வண்டியைச் சுற்றிக் காட்டும்போது அவசரப்படாமல், தண்ணீரை முழு அழுத்தத்தில் ஓடவிட்டு, எரிவாயு அடுப்பு, கணப்பு, தண்ணீர் சூடேற்றி, குளிர்சாதனம் என எல்லாவற்றையும் இயக்கிப் பார்க்கக் கேளுங்கள். கையெழுத்திடுவதற்கு முன் கண்டுபிடித்த குறை, கையெழுத்திட்ட பின் கண்டுபிடித்ததைவிட வேகமாகச் சரியாகும் என்பது என் அனுபவம். வாங்குபவர் தரப்பில் நின்று பார்த்துத் தரும் சுயேச்சையான ஆர்.வி. பரிசோதகர்களும் இருக்கிறார்கள், பெரிய தொகைக்கு வாங்குவோருக்கு அந்தக் கட்டணம் வீண்செலவு ஆகாது. அதன்பின் முதல் பயணத்தை வீட்டுக்கும் டீலருக்கும் அருகிலேயே, இரண்டு இரவு தங்கி எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்க்கும் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வண்டி, பல வாரண்டிகள்

“ஓராண்டு வாரண்டி” என்று விற்பனையாளர் சொல்வது பெரும்பாலும் டிரெய்லரைக் கட்டிய நிறுவனத்தின் வாரண்டியை. சில நிறுவனங்கள் இரண்டு ஆண்டு தருகின்றன. சட்டகம், சுவர் போன்ற கட்டமைப்புக்கு மட்டும் நீண்ட காலம் தருபவையும் உண்டு. குளிர்ப்பெட்டி, குளிர்சாதனம், தண்ணீர் சூடேற்றி, அச்சு, டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பல நேரம் அவற்றைத் தயாரித்தவர்களின் தனித்தனி வாரண்டிகள் உண்டு. அவற்றின் காலமும் நிபந்தனையும் வேறு வேறு. ஆகவே வண்டி வந்த முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு சாதனத்தின் ஒட்டுச்சீட்டிலும் உள்ள மாடல் எண்ணையும் தொடர் எண்ணையும் புகைப்படம் எடுத்து, எல்லாவற்றையும் அந்தந்த நிறுவனத்தில் பதிவுசெய்யுங்கள். குளிர்ப்பெட்டியைச் சுவரோடு பொருத்திய பிறகு அதன் பின்பக்கச் சீட்டைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது பழுது வந்த அன்று தெரியும்.

வாரண்டிப் புத்தகத்தில் “உள்ளடக்கியவை” என்ற பகுதியைவிட “உள்ளடங்காதவை” என்ற பகுதியை ஊன்றிப் படியுங்கள். பொதுவாக அங்கே சில விஷயங்கள் இருக்கும். தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தால் அது உரிமையாளரின் கவனக்குறைவாகவே கொள்ளப்படும். டிரெய்லரில் நிரந்தரமாகக் குடியிருப்பதும் வாடகைக்கு விடுவதும் பல வாரண்டிகளைச் செல்லாமல் ஆக்கும். வண்டியை டீலரிடம் இழுத்துப்போகும் செலவு, பழுதுபார்க்கும் நாட்களில் விடுதியில் தங்கிய செலவு, வீணான விடுமுறை ஆகியவற்றை நிறுவனம் தராது. கதவு, திருகு, விளக்கு ஆகியவற்றைச் சீர்செய்யும் சிறு சரிப்படுத்தல்களுக்கு 90 நாள் மட்டும் என்று சில நிறுவனங்கள் வரம்பிடுகின்றன. கூரையின் சீலண்டை (இடுக்குகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பூச்சை) குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

டீலர் விற்கும் “நீட்டித்த வாரண்டி” என்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. அது பெரும்பாலும் மூன்றாவது நிறுவனம் ஒன்றோடு நீங்கள் பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் சேவை ஒப்பந்தம். முதல் ஆண்டின் பழுதுகளைத் தயாரிப்பாளரின் வாரண்டியிலேயே கேட்க வேண்டும்.

கைவைத்தால் வாரண்டி போய்விடுமா

இந்த அச்சத்தால் ஒரு தளர்ந்த திருகைக்கூடத் தொடாமல் ஆறு வாரம் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இதில் வாங்குபவருக்குத் துணையாக இருக்கிறது. எழுத்து மூலம் வாரண்டி தரும் நிறுவனம், தன் பெயர் போட்ட உதிரிபாகத்தையோ தன் பணிமனையையோ பயன்படுத்தினால்தான் வாரண்டி செல்லும் என்று, அவற்றை இலவசமாகத் தராமலும் மத்திய வர்த்தக ஆணையத்திடம் விலக்குப் பெறாமலும், நிபந்தனை போட முடியாது. நீங்கள் அலமாரித் தாழ்ப்பாளை மாற்றியதைக் காரணம் காட்டிக் குளிர்சாதனத்தின் பழுதை மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் செய்த வேலையே ஒரு சேதத்துக்குக் காரணமானால், அந்தச் சேதத்தை நிறுவனம் மறுக்கலாம். என் சிலிகான் விஷயத்தில் அதுதான் நடந்தது. சட்டம் உங்கள் கையைக் கட்டவில்லை. கைவைத்ததன் விளைவிலிருந்து உங்களை விடுவிக்கவும் இல்லை.

பழுதான காரைத் திருப்பிக் கொடுக்க உதவும் மாநிலச் சட்டங்களைப் பலர் இங்கே நம்பியிருக்கிறார்கள். அந்தச் சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகின்றன. பல மாநிலங்களில் இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள் அவற்றில் அடங்குவதில்லை. உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

முடிவெடுக்கும் முறை

ஒரு குறை கண்ணில் பட்டதும், கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன், பின்வரும் வரிசையில் யோசிக்கிறேன். முதலில் பாதுகாப்பு: இது எரிவாயு, வெளி இணைப்பிலிருந்து வரும் 120 வோல்ட் மின்சாரம், பிரேக், அச்சு, சட்டகம், வண்டியை இழுக்கும் கொக்கிப் பகுதி ஆகியவற்றோடு தொடர்புடையதா? ஆம் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வாரண்டிக்குப் போகிறேன். அடுத்தது, பழுதின் எல்லை எனக்கு முழுவதும் தெரிகிறதா என்பது. சுவர், தரை, கூரை ஆகியவற்றுக்குள் ஏதாவது மறைந்திருக்க வாய்ப்பிருந்தால் தொடுவதில்லை. பிறகு, நான் செய்வதைப் பழைய நிலைக்குத் திருப்ப முடியுமா என்று பார்க்கிறேன்: நட்டை இறுக்குவதைத் திருப்பலாம், பசை பூசுவதையும் வெட்டுவதையும் துளையிடுவதையும் திருப்ப முடியாது. இந்த மூன்றையும் தாண்டிய பிறகுதான் நேரமும் செலவும் கணக்கில் வருகின்றன.

அந்தக் கணக்கையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். டீலர் 90 மைல் தொலைவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை இழுத்துப்போய் விட்டுவிட்டு வெறும் ட்ரக்கில் திரும்ப வேண்டும். வேலை முடிந்ததும் வெறுமனே போய் இழுத்துவர வேண்டும். மொத்தம் 360 மைல், அதில் பாதி பாரத்தோடு. இழுக்கும்போது கேலனுக்கு 10 மைலும் மற்ற நேரம் 20 மைலும் தரும் ட்ரக்குக்கு 27 கேலன் எரிபொருளும், இரண்டு நாள் விடுப்பும் போகும். டீலரின் டெக்னீஷியன் பழுதைப் படமெடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, அவர்கள் ஒப்புதல் தந்து, உதிரிபாகம் வந்து சேரும்வரை வண்டி அங்கே நிற்கும். இது வாரக்கணக்கில் நீள்வது வழக்கம். இரண்டு கதவுக் கீல்களுக்காக இதைச் செய்வது அறிவுடைமை ஆகாது. ஆனால் அதே பயணத்தில் ஏழெட்டுக் குறைகளைச் சேர்த்துக் கொடுத்தால் கணக்கு மாறிவிடும்.

நாமே செய்யத்தக்கவை

குழாய் இணைப்புகளே இதில் முதலிடம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் வளைகுழாய், பம்பின் இரு முனைகள், கழிப்பறையின் பின்னால் உள்ள இணைப்பு ஆகியவை சாலைக் குலுக்கலில் தளர்பவை. பெரும்பாலானவற்றைக் கையால் இறுக்கினாலே போதும். குறடு போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். கசிவு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வெளித் தண்ணீரைத் துண்டித்து, வண்டியிலேயே உள்ள தண்ணீர்த் தொட்டியிலிருந்து பம்பை இயக்கி, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அமைதியாகக் காத்திருங்கள். பம்ப் சிறிது நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடி நின்றால், எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். உலர்ந்த காகிதத் துண்டுகளை ஒவ்வோர் இணைப்பின் கீழும் விரித்து வைத்தால் இடம் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் இணைப்பு என்றால் இறுக்குங்கள். எந்த இணைப்பும் நனையாமல் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், பம்பின் தடுப்பு வால்வு பழுதாகவோ சுவருக்குள் கசிவாகவோ இருக்கலாம்; அப்போது அது உங்கள் வேலையிலிருந்து வாரண்டி வேலையாக மாறுகிறது. முகாம் இடங்களில் குழாய் அழுத்தம் சில சமயம் மிக அதிகமாக இருக்கும் என்பதால், 40 முதல் 50 பி.எஸ்.ஐ. வரை கட்டுப்படுத்தும் அழுத்தச் சீராக்கி ஒன்றை முதல் நாளிலிருந்தே மாட்டுங்கள்.

பிடிமானம் இழந்த திருகுகளுக்கு, துளைக்குள் மரப்பசை தோய்த்த பல்குத்தும் குச்சிகளைத் திணித்து, காய்ந்ததும் பழைய திருகையே போடலாம். நீளமான திருகைத் தேடிப் போட வேண்டாம். அந்த மெல்லிய பலகைக்குப் பின்னால் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ ஓடக்கூடும். கூரையில் அப்படிப் போட்ட ஒரு திருகு மழைக்கு வழிவிட்டுவிடும். அலமாரித் தாழ்ப்பாள், இழுப்பறை, திரைச்சீலைக் கொக்கி, கொசுவலைக் கதவு, 12 வோல்ட் விளக்கு, உருகிய பியூஸ், தளர்ந்த பேட்டரி முனை ஆகியவையும் இந்த வகையே. பியூஸ் ஒருமுறை போனால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். மறுபடி போனால் அதற்குப் பின்னால் கம்பிப் பழுது இருக்கிறது, அதை எழுதி டீலருக்கு அனுப்புங்கள்.

சக்கர நட்டுகளை இறுக்குவது பழுதுவேலை ஆகாது, ஆனால் அதை விட்டால் உயிருக்கே ஆபத்து. புதிய சக்கரத்தில் முதல் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் குறடால்) இறுக்க வேண்டும். இதை எந்த டீலரும் உங்களுக்காகச் செய்ய முடியாது, ஏனென்றால் அந்த மைல்களில் வண்டி உங்களோடு சாலையில் இருக்கிறது.

தொடக்கூடாதவை

எரிவாயு இணைப்பில் உரிமையாளர் செய்யத்தக்கது சிலிண்டரை மாட்டி, அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது மட்டும். வண்டிக்குள் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, சிலிண்டர் வால்வை மூடுங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கண்டறியும் கருவியைக் கீழே பொருத்தியிருப்பது அதனால்தான். அதற்கு மேல் உள்ள குழாயும் ரெகுலேட்டரும் சாதனங்களும் தகுதிபெற்ற டெக்னீஷியனுக்கு உரியவை. 120 வோல்ட் பகுதியும் அப்படியே: சூடாகும் பிளக், கருகிய வாடை, காரணமின்றி விழும் பிரேக்கர் எதுவானாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொலைபேசியை எடுங்கள்.

ஸ்லைடு-அவுட் கோணலாகப் போய்வந்தால் அதன் சரிசெய்யும் திருகுகளைத் திருப்பும் ஆசை வரும். இருபக்க இடைவெளியையும் அளந்து, அளவுகோல் தெரியும்படி படமெடுத்து அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அச்சின் நேர்த்தியில் குறை இருக்கலாம். புது டயர் போட்டுவிட்டால் அந்தச் சான்றும் போய்விடும், ஆகவே தேய்ந்த டயரை வைத்திருங்கள். கண்ணாடியிழைச் சுவரில் எங்கேனும் கொப்புளம் போல உப்பியிருந்தால், உள்ளே புகுந்த தண்ணீர் வெளித்தோலையும் அதன் பின்னுள்ள மெல்லிய ஒட்டுப்பலகையையும் பிரித்துவிட்டது என்று பெரும்பாலும் பொருள். இதை வீட்டில் ஊசியும் பசையும் கொண்டு ஒட்டவைப்பது பற்றிய யோசனைகளை நிறையக் கேட்பீர்கள். வாரண்டிக் காலத்தில் அவற்றை நினைக்கவும் வேண்டாம்.

கூரை

இரண்டு வகையிலும் சேராமல் நடுவில் நின்று, மிக அதிகப் பணத்தை விழுங்குவது கூரை. டிரெய்லரின் கூரை பெரும்பாலும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வகை விரிப்பால் மூடப்பட்டது. காற்றுப்போக்கி, குளிர்சாதனம், குழாய்முனை, ஏணி என அதைத் துளைத்து நிற்கும் ஒவ்வொன்றைச் சுற்றியும் சீலண்ட் பூசியிருக்கும். அந்தச் சீலண்ட் வெயிலில் வெடிக்கும், ஓரத்தில் பிரியும். அதைப் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பராமரிப்புக் கடமை என்று வாரண்டிப் புத்தகம் சொல்கிறது. 90 நாளுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்பவை பல. கடமையைச் செய்யாமல் விட்டால் கசிவுக்கான கோரிக்கை மறுக்கப்படலாம். செய்யப்போய்த் தவறான பொருளைப் பூசினாலும் மறுக்கப்படலாம். ஏற்கெனவே தண்ணீர் புகுந்த இடத்தின் மேல் பூசினால், குறை மறைந்து சேதம் உள்ளே வளரும்.

ஆகவே நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏணியில் ஏறி, கையேடு கூரைமேல் நடக்க அனுமதித்தால் மட்டும் நடந்து, எல்லா ஓரங்களையும் தேதி தெரியும்படி படமெடுக்கிறேன். வெடிப்பு மேலோட்டமாக இருந்து, கீழே உட்கூரையில் கறையோ ஈரமோ இல்லை என்பதை விலைமலிந்த ஈரமானி ஒன்றால் உறுதிசெய்தால், தயாரிப்பாளர் கையேட்டில் பெயர் சொல்லியிருக்கும் சீலண்டையே வாங்கிப் பூசுகிறேன். ரசீதையும், பூசுமுன் பூசியபின் எடுத்த படங்களையும் சேர்த்துவைக்கிறேன். சீலண்டில் கிடைமட்டப் பரப்பில் தானாகப் பரவிச் சமனாவது ஒன்று, செங்குத்துப் பரப்பில் வழியாமல் நிற்பது ஒன்று என இரண்டு வகை உண்டு, மாற்றிப் பூசக்கூடாது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண சிலிகான் கூரைக்கு ஆகவே ஆகாது. அதன்மேல் பிறகு எந்த நல்ல சீலண்டும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு. ஈரமானி எங்கேனும் உயர்ந்த அளவு காட்டினாலோ, உட்கூரையில் கறை தெரிந்தாலோ, எதையும் பூசாமல் மேலே தார்ப்பாய் போர்த்தி மழையைத் தடுத்துவிட்டு அன்றே டீலருக்கு எழுதுகிறேன். தார்ப்பாய் போர்த்துவது சேதம் கூடாமல் காக்கும் செயல். அதனால் உங்கள் கோரிக்கைக்குக் குறைவு வராது, அதையும் படமெடுத்து அனுப்பலாம்.

எழுதிக் கேட்பது

நீங்களே சரிசெய்யப்போகும் சிறு குறையையும் முதலில் எழுதித் தெரிவியுங்கள். இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு உதவியிருக்கிறது. தொலைபேசியில் பேசினால், பேசி முடித்ததும் “இன்று உங்களிடம் சொன்னபடி” என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதில் வண்டியின் வின் எண் (எழுத்தும் எண்ணும் கலந்த 17 குறிகள் கொண்ட அடையாள எண்), வாங்கிய தேதி, குறையைக் கண்ட தேதி, எங்கே எந்த நிலையில் தெரிந்தது, அப்போது மழை பெய்ததா, வண்டி எதனோடு இணைந்திருந்தது என்பவை இருக்கட்டும். தூரத்திலிருந்து ஒரு படமும் அருகிலிருந்து ஒரு படமும் இணையுங்கள். காரணத்தை நீங்கள் ஊகித்து எழுத வேண்டாம். கண்டதை மட்டும் எழுதினால் போதும். சிறு குறை பெரிய பழுதின் முதல் அடையாளமாக இருந்துவிட்டால், முதல் தேதி உங்களிடம் இருக்கும்.

அந்தக் கடிதத்திலேயே இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். உதிரிபாகத்தை எனக்கே அனுப்பினால் நானே பொருத்திக்கொள்ளலாமா என்பது ஒன்று. தாழ்ப்பாள், குழாய்த் தலை, விளக்கு போன்றவற்றுக்குப் பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன, ஏனெனில் அவர்களுக்கு டீலரின் கூலி மிச்சம். வீட்டுக்கு வந்து பழுதுபார்க்கும் நடமாடும் டெக்னீஷியனை அழைக்க ஒப்புதல் தருவீர்களா என்பது மற்றொன்று. டீலர் தொலைவில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒப்புதல் எழுத்தில் வரும்வரை வேலையைத் தொடங்கவிடாதீர்கள். வேலை முடிந்த பிறகு ரசீதை அனுப்பிப் பணம் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. எழுதிக் கேட்ட ஒப்புதலோடு நீங்கள் செய்யும் வேலை, பின்னால் உங்களுக்கு எதிராகப் பேசாது.

பாதுகாப்புக் குறைக்காக நிறுவனம் அறிவிக்கும் திரும்பப்பெறுதல் வாரண்டியிலிருந்து தனியானது. வாரண்டி முடிந்திருந்தாலும் அதற்கான பழுதுவேலை இலவசம். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் வின் எண்ணைக் கொடுத்து ஆண்டுக்கு இரண்டு முறையாவது பாருங்கள். அதில் வரும் எதையும் நீங்களாகச் சரிசெய்ய வேண்டாம்.

எப்போது கொண்டுபோவது

பெரிய குறைகளும் மழை ஒழுகலும் காத்திருக்கக்கூடாது. மற்றவற்றை ஒரு பட்டியலில் சேர்த்துவையுங்கள். வசந்த காலத்தில் எல்லோரும் வண்டியை வெளியே எடுப்பதால் பணிமனைகள் நிரம்பி வழியும். வட மாநிலங்களில் இலையுதிர் காலத்தின் கடைசியில் கொடுத்தால், எப்படியும் நீங்கள் பயன்படுத்தாத குளிர்மாதங்களில் வேலை நடக்கும். அப்படிக் கொடுப்பதற்கு முன் குழாய்களை வடித்து, ஆர்.வி.க்கு உரிய இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை நீங்களே ஏற்றிவிடுங்கள், அல்லது டீலர் ஏற்றுவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணிமனை வாசலில் உறைந்து வெடித்த குழாய்க்கு யார் பொறுப்பு என்ற வாக்குவாதம் யாருக்கும் வேண்டாம்.

வாரண்டி தொடங்கிய தேதியிலிருந்து பத்தாவது மாதம் முடியும்போது ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். கூரையில் தொடங்கி, ஜன்னல் ஓரங்கள், ஸ்லைடு மூலைகள், தரை முழுவதும் வெறுங்காலால் நடந்து மெத்தென்ற இடம், அடிப்பக்க மூடியில் தொங்கும் தண்ணீர்ப் பை, ஒவ்வொரு சாதனம், டயர் தேய்மானம் என்று பாருங்கள். அடிப்பக்க மூடி தொங்கினால் அதை அறுத்துப் பார்க்க வேண்டாம், படமெடுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் இந்த நாளுக்குச் சுயேச்சைப் பரிசோதகர் ஒருவரை அமர்த்தலாம். அவர் தரும் எழுத்து அறிக்கையை டீலர் தட்டிக்கழிப்பது கடினம்.

கண்டவற்றை வாரண்டி முடியும் முன்பே டீலரிடம் கொடுத்து, ஒவ்வொரு குறையும் தனித்தனி வரியாக எழுதப்பட்ட வேலைச் சீட்டைக் கேளுங்கள். உதிரிபாகம் வர இரண்டு மாதம் ஆகும் என்று சொன்னாலும் கவலை இல்லை, சீட்டில் இருக்கும் தேதி வாரண்டிக்குள் இருந்தால் கோரிக்கை உயிரோடு இருக்கும். “பார்க்கப்பட்டது, குறை காணப்படவில்லை” என்று ஏதேனும் வரியில் எழுதினால், எப்படிச் சோதித்தார்கள் என்பதையும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு சீட்டின் நகலைக் கையில் வாங்கி, வரிகளை உங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, விடுபட்ட வரி இருந்தால் அங்கேயே சேர்க்கச் செய்து, அதன் பிறகு சாவியைக் கொடுங்கள்.